குறி சொல்லும் மரபணுக்கள்: பெருங்குடல் புற்றுநோய் ஆய்வுகளை வாசித்தபோது

1994ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்த ஒரு கட்டுரையில் இரண்டு எண்கள் வருகின்றன: 93, 54. பெருங்குடல் புற்றுநோய் இரண்டாம் நிலையில் இருக்கும்போது ஆபரேஷன் செய்துகொண்டவர்களைப் பற்றிய எண்கள் இவை. அவர்களுடைய கட்டியில் 18ஆம் குரோமோசோமின் நீளக் கை முழுசாக இருந்தால், ஐந்து வருடம் கழித்து 93 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள். அந்தக் கையின் ஒரு பிரதி தொலைந்துபோயிருந்தால் 54 சதவீதம். அறுத்தெடுத்த கட்டி மைக்ரோஸ்கோப்பில் ஒரே மாதிரி, நிலை ஒரே நிலை, வித்தியாசம் மட்டும் கிட்டத்தட்ட நாற்பது புள்ளி.

இந்த மாதிரி ஒரு எண்ணைப் பார்த்ததும் யாருக்கும் தோன்றுவது ஒன்றுதான்: அப்ப எல்லாருக்கும் இந்த டெஸ்ட்டைப் பண்ணிடலாமே? முப்பது வருடம் ஆகிவிட்டது. அந்த டெஸ்ட் வழக்கத்துக்கு வரவில்லை. ஏன் வரவில்லை என்று பின்தொடர்ந்து போனால், பெருங்குடல் புற்றுநோயின் மார்க்கர் ஆய்வுகள் எப்படி எழுதப்படுகின்றன, எங்கே வழுக்குகின்றன என்பது ஓரளவுக்குப் பிடிபடுகிறது. அதைத்தான் இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

முதலில், இந்த எண்களுக்கு ஏன் இவ்வளவு பசி என்று சொல்லணும். பெருங்குடல் புற்றுநோயில் முதல் நிலைக்கு ஆபரேஷன் போதும். மூன்றாம் நிலையில், அதாவது பக்கத்து நிணநீர் கணுக்களுக்குப் பரவிவிட்டால், ஆபரேஷனுக்குப் பிறகு கீமோ கொடுப்பதில் பெரிய விவாதம் இல்லை. சிக்கல் இரண்டாம் நிலையில். கட்டி குடல் சுவரைத் துளைத்துவிட்டது, ஆனால் கணுக்களில் இல்லை. பெரும்பாலானவர்கள் கத்தியோடயே குணமாகிவிட்டார்கள். சிலருக்கு மட்டும் திரும்பி வரும். யாருக்கு வரும் என்று தெரியாது. 2007ல் வெளியான க்வாஸார் என்ற பிரிட்டிஷ் ட்ரையல் 3239 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்துப் பார்த்தது. அவர்களில் பெரும்பாலோர் இரண்டாம் நிலை. கீமோவால் கிடைத்த உயிர்வாழ்வு லாபம் 3.6 சதவீதம் என்று கணக்கிட்டார்கள். நூறு பேருக்கு மருந்து ஏற்றினால் மூன்று நான்கு பேருக்குப் பயன். மிச்சப் பேரில் பலருக்கு அது தேவையே இருந்திருக்காது, சிலருக்குக் கொடுத்தும் பயனில்லை. ஆக்ஸாலிப்ளாட்டின் சேர்த்தால் விரல் நுனி மரத்துப்போவது சிலருக்கு வருடக்கணக்கில் போகாது. சட்டைப் பொத்தான் போட முடியாமல் கஷ்டப்படுபவர்கள் இருக்கிறார்கள்.

ஆக, அந்த மூன்று நான்கு பேரை முன்கூட்டியே அடையாளம் காட்ட ஏதாவது கிடைக்காதா என்பதுதான் கேள்வி. 93, 54 என்ற எண்கள் வந்து விழுந்தது இந்த இடத்தில்.

அந்தக் கட்டுரைக்குப் பின்னால் இருந்தது சாதாரண ஆய்வகம் இல்லை. 1990ல் ஃபியரானும் வோகல்ஸ்டைனும் செல் இதழில், பெருங்குடலில் ஒரு சின்ன பாலிப் எப்படிப் படிப்படியாகப் புற்றாக மாறுகிறது என்று ஒரு வரைபடம் போட்டார்கள். முதலில் ஏபிசி மரபணு, பிறகு கேராஸ், பிறகு 18ஆம் குரோமோசோமின் நீளக் கை, பிறகு பி53. இன்றைக்கும் பாடப்புத்தகங்களில் அந்தப் படம்தான். அந்த வரிசையில் மூன்றாவதாக வரும் இழப்பு நோயாளியின் முடிவைத் தீர்மானிக்கிறதா என்று அதே ஜான்ஸ் ஹாப்கின்ஸ் கூட்டம் கேட்டது நியாயமான அடுத்த கேள்வி. கருதுகோள் முன்கூட்டியே இருந்தது, உயிரியல் இருந்தது, கண்டதையெல்லாம் அளந்து எது ஒட்டுகிறதோ அதைப் பிரசுரிக்கிற வேலையில்லை. அந்த வகையில் நல்ல கட்டுரை என்றுதான் சொல்லுவேன்.

ஆனால் இரண்டாம், மூன்றாம் நிலை இரண்டும் சேர்த்தே மொத்தம் 145 கட்டிகள்தான். அதை இரண்டாகப் பிரித்து, அதிலும் இழப்பு உண்டு, இல்லை என்று பிரித்தால், ஒவ்வொரு கூடையிலும் எத்தனை பேர் மிஞ்சுவார்கள்? பத்துப் பதினைந்து பேருடைய கதை அப்படி இப்படிப் போனால் சதவீதம் எங்கோ போய்விடும். இது ஒரு பிரச்சினை. இன்னொன்று இதைவிட சுவாரஸ்யமானது.

பெருங்குடல் கட்டிகள் பெரும்பாலும் இரண்டு வழிகளில் ஒன்றில் கெடுகின்றன. ஒரு வகையில் குரோமோசோம்களே துண்டு துண்டாகத் தொலையும், பெருகும். இன்னொரு வகையில் குரோமோசோம்கள் ஏறக்குறைய ஒழுங்காக இருக்கும். ஆனால் டிஎன்ஏவை நகலெடுக்கும்போது வரும் எழுத்துப்பிழைகளைத் திருத்தும் புரதங்கள் வேலை செய்யாது. ஒரே எழுத்து திரும்பத் திரும்ப வரும் இடங்களில் பிழை குவியும். இந்த இரண்டாம் வகையை எம்எஸ்ஐ என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள். ஆரம்ப நிலைகளில் எம்எஸ்ஐ கட்டி உள்ளவர்கள் மற்றவர்களைவிட நன்றாகவே இருக்கிறார்கள் என்பது பல ஆய்வுகளில் தெரிந்த விஷயம்.

இப்போது 18ஆம் குரோமோசோமுக்குத் திரும்புங்கள். எம்எஸ்ஐ கட்டிகளில் அந்தக் கை தொலைவது அபூர்வம். அப்படியென்றால் ‘கை முழுசாக இருக்கும்’ கூடையில் எம்எஸ்ஐ கட்டிகள் எல்லாம் வந்து சேர்ந்துவிடும். 93 என்ற எண்ணில் எவ்வளவு 18ஆம் குரோமோசோமின் புண்ணியம், எவ்வளவு எம்எஸ்ஐயின் புண்ணியம்? 2009ல் ஷூஜி ஒகினோவின் குழு எம்எஸ்ஐ கட்டிகளை ஒதுக்கிவிட்டு மற்றதில் மட்டும் பார்த்தது. கை இருப்பவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் உயிர்வாழ்வில் வித்தியாசம் தெரியவில்லை. ஒருவர் பின்னால் நின்ற இன்னொருவரின் நிழலைத்தான் இத்தனை வருடம் அளந்துகொண்டிருந்தார்களோ என்று சந்தேகப்பட இடமிருக்கு.

இதற்கிடையில் அமெரிக்காவில் 2005ல் ஈ5202 என்று ஒரு பெரிய ட்ரையலைத் தொடங்கிவிட்டார்கள். இரண்டாம் நிலை நோயாளிகளின் கட்டியில் 18ஆம் குரோமோசோமையும் எம்எஸ்ஐயையும் பார்ப்பது. ஆபத்து குறைவு என்று வந்தால் கீமோ இல்லாமல் கண்காணிப்பு. ஆபத்து அதிகம் என்று வந்தால் குலுக்கல். மார்க்கரை வைத்து சிகிச்சையைத் தீர்மானிக்கும் முயற்சி என்ற அளவில் முன்னோடி. ஆனால் குலுக்கல் எதற்கும் எதற்கும் இடையில் என்று பாருங்கள்: ஒரு பக்கம் கீமோ, இன்னொரு பக்கம் அதே கீமோவோடு பெவாசிஸுமாப். இரண்டு பக்கமும் கீமோ! 18ஆம் குரோமோசோம் தொலைந்தவர்களுக்குக் கீமோவால் பயன் உண்டா என்ற கேள்விக்கு இந்த அமைப்பிலிருந்து பதிலே வராது. அவர்களில் யாரையும் குலுக்கலில் கீமோ இல்லாமல் விடவில்லையே. ஆபத்து அதிகம், அதனால் மருந்து வேலை செய்யும் என்று ஒரு எட்டு தாண்டிக் குதித்துவிட்டார்கள். கடைசியில் வேறு ட்ரையல்களில் பெவாசிஸுமாப் இந்த இடத்தில் பயன்படவில்லை என்று தெரிந்ததும் ஈ5202 பாதியில் மூடப்பட்டது.

இந்தக் குதியல்தான் இந்தத் துறையின் பரம்பரை வியாதி என்று நினைக்கிறேன். மார்க்கரில் இரண்டு வகை உண்டு. நோயின் போக்கைச் சொல்லும் மார்க்கர் ஒன்று, மருந்தின் பலனைச் சொல்லும் மார்க்கர் இன்னொன்று. முதலாவது கிட்டத்தட்ட குறி சொல்கிற மாதிரி. ‘உனக்கு நேரம் சரியில்லை’ என்று சொல்லும், பரிகாரம் சொல்லாது. இரண்டாவது, இந்த மருந்து உனக்குக் கேட்கும், இது கேட்காது என்கிறது. இரண்டையும் பிரித்தறிய ஒரே வழி, மார்க்கர் உள்ளவர், இல்லாதவர் இருவருக்கும், மருந்து பெற்றவர், பெறாதவர் என்று நான்கு கூடைகள் கைவசம் இருக்கணும். பெரும்பாலான கட்டுரைகளில் இரண்டு கூடைதான் இருக்கும். ஆனால் முடிவுரையில் மட்டும், இந்த மார்க்கர் சிகிச்சையைத் தேர்ந்தெடுக்க உதவலாம் என்று ஒரு வரி தவறாமல் வரும்.

குறி சொல்கிறவர்களும் அதிகம். பி53 மரபணுவுக்கும் பெருங்குடல் புற்றுநோயில் உயிர்வாழ்வுக்கும் என்ன தொடர்பு என்று 2005ல் ஒரு தொகுப்பாய்வு வந்தது. சேர்த்துக்கொண்ட அறிக்கைகள் 168. நோயாளிகள் பதினெட்டாயிரத்துக்கு மேல். இவ்வளவு பேருடைய கட்டியைச் சாயமேற்றி, எண்ணி, எழுதி, கடைசியில் கிடைத்தது என்ன? பி53 கெட்டிருந்தால் ஆபத்து கொஞ்சம் கூடுகிறது, ஆனால் ஒரு தனி நோயாளிக்கு முடிவெடுக்கப் போதாது. பதினெட்டாயிரம் பேர்! அதே பேரை ஒழுங்காக வடிவமைத்த நான்கைந்து ட்ரையலில் வைத்திருந்தால் என்னென்ன தெரிந்திருக்கும் என்று யோசித்தால் வயிற்றெரிச்சலாக இருக்கு.

இது பெருங்குடலின் பிரச்சினை மட்டும் இல்லை. புற்றுநோய் மார்க்கர்கள் பற்றி 2005ல் வெளியான 1575 கட்டுரைகளைக் கிஸாஸ் முதலியோர் எடுத்துப் பார்த்தார்கள். 95 சதவீதத்துக்கும் மேலானவை ஏதோ ஒரு ‘முக்கியமான’ தொடர்பைக் கண்டதாக அறிவித்திருந்தன. எல்லாரும் எப்போதும் ஜெயிக்கிற விளையாட்டு என்றால் ஸ்கோர் போடுகிறவரைச் சந்தேகப்படத்தான் வேணும். எப்படி ஜெயிக்கிறார்கள் என்பதற்கு டக்ளஸ் ஆல்ட்மனும் கூட்டாளிகளும் 1994லேயே ஒரு வழியைக் காட்டியிருந்தார்கள். ஒரு புரதம் கட்டியில் எத்தனை சதவீதச் செல்களில் இருந்தால் ‘அதிகம்’ என்பது? 10? 25? 40? எல்லாவற்றையும் போட்டுப் பார்த்து, இரண்டு கோடுகளும் எங்கே நன்றாகப் பிரிகின்றனவோ அந்த இடத்தை எல்லையாக வைத்துக்கொண்டால், வெறும் தற்செயல் ‘முக்கியமான’ முடிவாகத் தெரியும் வாய்ப்பு 5 சதவீதத்திலிருந்து 40 சதவீதம் அளவுக்கு ஏறிவிடும். 2005ல் ரீமார்க் என்ற பெயரில் இந்த வகைக் கட்டுரைகளில் எதையெல்லாம் சொல்லியே ஆகணும் என்று ஒரு பட்டியல் வந்தது. நல்ல பட்டியல். அதற்குப் பிறகு வந்த கட்டுரையைப் படிக்கும்போதும் நான் முதலில் தேடுவது, எல்லைக்கோடு எங்கிருந்து வந்தது என்பதைத்தான்.

சரி, எல்லாமே குப்பையா? இல்லை. கேராஸ் கதையைப் பாருங்கள். நோயின் போக்கைச் சொல்லும் மார்க்கர் என்ற வகையில் அது சுமார்தான். ஆய்வுக்கு ஆய்வு மாறும். ஆனால் 2008ல் கராபெட்டிஸ் முதலியோரின் கட்டுரை வந்தது. மற்ற மருந்தெல்லாம் தீர்ந்துபோன, பரவிய பெருங்குடல் புற்றுநோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு செடுக்ஸிமாப், மறுபாதிக்கு வலி குறைக்கும் கவனிப்பு மட்டும் என்று ஏற்கெனவே ஒரு ட்ரையல் நடந்திருந்தது. அதில் சேமித்து வைத்திருந்த 394 கட்டிகளில் கேராஸைப் பார்த்தார்கள். கேராஸ் பிறழாதவர்களில் மருந்து பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 9.5 மாதம், பெறாதவர்களுக்கு 4.8. கேராஸ் பிறழ்ந்தவர்களில் 4.5, 4.6. அவ்வளவுதான் முடிவு. நான்கு கூடை, நான்கு எண். மருந்து பெறாதவர்களை மட்டும் பாருங்கள்: 4.8, 4.6. கேராஸ் அவர்களுக்கு எந்தக் குறியும் சொல்லவில்லை. மருந்து வந்ததும்தான் அது வாயைத் திறக்கிறது. இந்த ஒரு அட்டவணையை வைத்து ஒரு வகுப்பே எடுக்கலாம்.

அதற்குள் பலருக்கு இந்த மருந்தை வீணாகக் கொடுத்தாகிவிட்டது என்பதையும் சேர்த்தே நினைக்கணும். வெறும் வீண் மட்டுமில்லை. முகமெல்லாம் கொப்புளம் வரும் மருந்து அது. 2013ல், கேராஸின் வழக்கமான இடத்தில் பிறழ்வு இல்லாதவர்களிலும் 17 சதவீதம் பேருக்கு ராஸ் குடும்பத்தில் வேறு இடத்தில் பிறழ்வு இருக்கு, அவர்களுக்கும் இந்த வகை மருந்து கேட்காது என்று டூயார் குழு காட்டியது.

எம்எஸ்ஐ பற்றிக் கொஞ்சம் நின்று பேசணும். ‘நல்ல மார்க்கர்’ என்று பெயர் வாங்கியது அது. 2005ல் போபட் முதலியோர் 32 ஆய்வுகளை, 7642 நோயாளிகளைத் தொகுத்தபோது இறப்பு அபாய விகிதம் 0.65 என்று வந்தது. மற்றவர்களுக்கு நூறு என்றால் இவர்களுக்கு அறுபத்தைந்து. காரணமும் புரிகிறது. பிழைகள் குவியக் குவிய, உடம்புக்குப் பழக்கமில்லாத புரதத் துணுக்குகள் நிறைய உருவாகும், நோயெதிர்ப்புச் செல்கள் மோப்பம் பிடித்து வந்து கட்டியைச் சூழ்ந்து நிற்கும்.

அதற்கு முன்பே, 2003ல், ரிபிக் முதலியோர் ஒரு அசௌகரியமான செய்தியோடு வந்தார்கள். ஃப்ளூரோயுராசில் கீமோவா, ஒன்றுமில்லையா என்று குலுக்கிப் பிரித்த பழைய ட்ரையல்களிலிருந்து 570 கட்டிகள். அதில் எம்எஸ்ஐ சுமார் 17 சதவீதம். கீமோ இல்லாதவர்களில் எம்எஸ்ஐக்காரர்கள் மற்றவர்களைவிட நன்றாக இருந்தார்கள். கீமோ பெற்றவர்களில் அந்த அனுகூலத்தைக் காணோம். அதாவது எம்எஸ்ஐ உள்ளவர்களுக்கு அந்தத் தனி மருந்தால் லாபமில்லை. இரண்டாம் நிலையில் எம்எஸ்ஐ என்று வந்தால் கீமோவைத் தவிர்ப்பது இப்படித்தான் வழக்கமானது. 18ஆம் குரோமோசோமிடம் எதிர்பார்த்து ஏமாந்த வேலையைச் செய்தது இதுதான்.

ஆனால் நான்காம் நிலைக்குப் போனால் கதை தலைகீழ். வேறு உறுப்புகளுக்குப் பரவிவிட்ட நோயாளிகளில் எம்எஸ்ஐ வெறும் 4, 5 சதவீதம்தான். அந்தச் சிலர், பழைய கீமோ காலத்தில் மற்றவர்களைவிட மோசமாகத்தான் இருந்தார்கள். அதே மார்க்கர், அதே லேப் முறை, இரண்டாம் நிலையில் அதிர்ஷ்டம், நான்காம் நிலையில் துரதிர்ஷ்டம். ‘எம்எஸ்ஐ நல்லது’ என்று ஒற்றை வரியில் எழுதும் கட்டுரைகள் மேல் எனக்கு வருத்தம் இதனால்தான்.

பிறகு 2015. நோயெதிர்ப்புச் செல்களின் பிரேக்கை விடுவிக்கும் பிடி-1 வகை மருந்துகள் மெலனோமாவில் சாதித்துக்கொண்டிருந்த நேரம். பெருங்குடலில் அவை தோல்வி என்றே எழுதிவிட்டார்கள். 33 பேரில் ஒருவருக்குத்தான் கேட்டிருந்தது. அந்த ஒருவர் ஏன் என்று கேட்டதுதான் திருப்புமுனை. டங் லே முதலியோரின் சிறிய ஆய்வில், எம்எஸ்ஐ உள்ள பெருங்குடல் நோயாளிகள் 10 பேரில் 4 பேருக்குக் கட்டி சுருங்கியது. எம்எஸ்ஐ இல்லாத 18 பேரில் ஒருவருக்கும் இல்லை. 4, 0. இதற்குப் புள்ளியியல் வித்தகரே தேவையில்லை. 2017ல் அமெரிக்க எஃப்டிஏ, உடம்பில் எந்த உறுப்பு என்று பார்க்காமல் இந்த மார்க்கரை மட்டும் வைத்து பெம்ப்ரோலிசுமாபுக்கு அனுமதி தந்தது. அப்படி ஒரு அனுமதி அதுதான் முதல் தடவை. 2022ல் நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங்கில், எம்எஸ்ஐ வகை மலக்குடல் புற்றுநோயாளிகள் 12 பேர் ஆறு மாதம் டோஸ்டார்லிமாப் எடுத்துக்கொண்டார்கள். 12 பேருக்கும் கட்டி கண்ணுக்கும் ஸ்கேனுக்கும் தெரியாமல் மறைந்தது. கத்தியும் படவில்லை, கதிர்வீச்சும் இல்லை. மலக்குடலை அகற்றி வயிற்றில் பை மாட்டிக்கொண்டு வாழ வேண்டியிருந்திருக்கும் சிலருக்கு இது என்ன அர்த்தம் என்று விளக்க வேண்டியதில்லை.

ஆக ஒரே மார்க்கருக்கு இருபது வருடத்தில் மூன்று அர்த்தம். 2003ன் அட்டவணையைப் பார்த்து 2023ன் நோயாளிக்கு ஆயுள் சொன்னால் அது போன வருடப் பஞ்சாங்கம். எவ்வளவு நாள் என்பது மரபணுவுக்குள் எழுதி வைத்த எண் இல்லை. நிலை, மருந்து, காலம் மூன்றும் சேர்ந்தால்தான் அந்த எண் பிறக்கிறது.

இங்கேயும் ஒரு எச்சரிக்கை இருக்கு, அதை விளம்பரக் குறிப்புகள் விழுங்கிவிடும். 2020ல் வந்த கீநோட்-177 ட்ரையலில், பரவிய எம்எஸ்ஐ நோயாளிகள் 307 பேர். நோய் முன்னேறாமல் இருந்த இடைநிலைக் காலம் பெம்ப்ரோலிசுமாபில் 16.5 மாதம், கீமோவில் 8.2. பிரமாதம். ஆனால் பெம்ப்ரோலிசுமாப் பக்கம் 29 சதவீதம் பேருக்குத் தொடக்கத்திலேயே நோய் முன்னேறிவிட்டது. கீமோவில் அது 12 சதவீதம். முதல் சில மாதம் இரண்டு கோடுகளும் குறுக்கே வெட்டிக்கொள்கின்றன. மார்க்கர் சரியாக இருந்தும் மருந்து கேட்காதவர்கள் பத்தில் மூன்று பேர். அவர்கள் யார் என்று எம்எஸ்ஐ சொல்லாது.

இன்னொன்று. எம்எஸ்ஐ என்று ரிப்போர்ட் வந்தால் அது சில சமயம் நோயாளியைவிட அவருடைய தம்பி, தங்கை, பிள்ளைகளுக்கான தகவல். பிழை திருத்தும் மரபணுவின் கோளாறு பிறப்பிலேயே வந்ததாக இருந்தால் அது லிஞ்ச் நோய்க்கூட்டம். குடும்பத்தில் பாதிப்பேருக்கு வரை இருக்கலாம். கொலனோஸ்கோப்பி ஒழுங்காகச் செய்துகொண்டால் பெருமளவு தடுக்கலாம். ஆயுள் முன்கணிப்பு பற்றிய கட்டுரைகளில் இது ஒரு வரியாகக்கூட வருவதில்லை. மார்க்கரால் நிச்சயமாகக் காப்பாற்றக்கூடிய உயிர்கள் கோட்டு வரைபடத்துக்கு வெளியே இருப்பதால் இருக்கலாம்.

பிராஃப் மரபணுவுக்கு வருவோம். வி600ஈ என்ற பிறழ்வு, பெருங்குடல் நோயாளிகளில் பத்தில் ஒருவர் அளவுக்கு. பரவிய நிலையில் இதுதான் எல்லாவற்றிலும் மோசமான மார்க்கர் என்று பெயர். இடைநிலை ஆயுள் ஒரு வருடம், அதற்குக் கொஞ்சம் முன்னே பின்னே என்று எழுதுவார்கள். மெலனோமாவில் இதே பிறழ்வுக்கு 2011லேயே வெமுராஃபெனிப் வந்தாச்சு. பெருங்குடலில் அதைக் கொடுத்துப் பார்த்தபோது 21 பேரில் ஒருவருக்குத்தான் கட்டி சுருங்கியது. அதே எழுத்துப்பிழை, வேறு உறுப்பு, வேறு விதி. ஏன் என்று 2012ல் நேச்சரில் ப்ரஹல்லாத் முதலியோர் காட்டினார்கள்: பெருங்குடல் செல்லில் பிராஃபை அடைத்தால், ஈஜிஎஃப்ஆர் வழி திறந்துகொண்டு அதே சமிக்ஞை உள்ளே வந்துவிடுகிறது. முன்வாசலைப் பூட்டினால் கொல்லைப்புறம் திறக்கும் கதை. அப்ப இரண்டையும் சேர்த்துப் பூட்டணும். 2019ல் பீக்கன் ட்ரையல் என்கோராஃபெனிப், செடுக்ஸிமாப் இரண்டையும் சேர்த்தது. பழைய சிகிச்சையில் 5.4 மாதம், புதியதில் 8.4. பெரிய தாவல் இல்லை என்று தோன்றும், ஆனால் அவர்கள் ஏற்கெனவே வேறு சிகிச்சை தோற்றவர்கள். 2025ல் ப்ரேக்வாட்டர் அதே ஜோடியைக் கீமோவோடு முதல் சிகிச்சையாகவே கொடுத்தது: 15.1 மாதத்துக்கு எதிராக 30.3 மாதம்.

இடைநிலை என்றால் பாதிப்பேர் அதைத் தாண்டியவர்கள் என்பதை மறக்க வேண்டாம். இன்றைக்கும் இணையத்தில் தேடினால் பிராஃப் என்றாலே ‘ஒரு வருடம்’ என்றுதான் முதலில் கண்ணில் படும். ராத்திரி இரண்டு மணிக்கு ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு தேடுகிறவர் படிப்பது அதைத்தான். தொகுப்புக் கட்டுரை எழுதுகிறவர்கள் ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் எந்த வருட நோயாளிகள், என்ன மருந்து பெற்றவர்கள் என்று ஒரு வார்த்தை போட்டால் என்ன குறைந்துவிடும்?

பல மரபணுக்களைச் சேர்த்து மதிப்பெண் போடும் டெஸ்ட்டுகள் பற்றி அதிகம் சொல்ல எனக்கு இல்லை. ஆன்கோடைப் கோலன் டெஸ்ட்டை க்வாஸார் ட்ரையலின் கட்டிகள் 1436ல் சரிபார்த்த கட்டுரை 2011ல் வந்தது. ஒழுங்காகச் செய்த வேலை, மதிப்பெண்ணும் எல்லையும் முன்கூட்டியே நிர்ணயித்தவை. மூன்று வருடத்தில் நோய் திரும்பும் வாய்ப்பு குறைந்த மதிப்பெண்ணில் 12 சதவீதம், நடுவில் 18, அதிகத்தில் 22. கீமோ யாருக்குக் கேட்கும் என்று சொல்லவில்லை என்பதையும் நேர்மையாக எழுதியிருக்கிறார்கள். 12க்கும் 22க்கும் நடுவில் எந்த டாக்டர், எந்த நோயாளி, எந்த முடிவை மாற்றுவார்? ஒரு அல்ப உதாரணம் சொல்றேன். கட்டி குடலின் வலப்பக்கமா இடப்பக்கமா என்பதைத் தெரிந்துகொள்ள மரபணுவே வேண்டாம், ஸ்கேன் போதும். கேராஸ் பிறழாத, பரவிய நோயாளிகளின் ஒரு பெரிய அமெரிக்க ட்ரையலில், இடப்பக்கக்காரர்களுக்கு இடைநிலை ஆயுள் 33.3 மாதம், வலப்பக்கக்காரர்களுக்கு 19.4.

எனக்கு நம்பிக்கை தருவது கேள்வியையே மாற்றிக் கேட்கிறவர்கள். ஆஸ்திரேலியாவில் நடந்த டைனமிக் ட்ரையல், ‘உன் கட்டியின் மரபணு என்ன ஜாதகம் சொல்கிறது’ என்று கேட்கவில்லை. ஆபரேஷனுக்குப் பிறகு ரத்தத்தில் அந்தக் கட்டியின் டிஎன்ஏ மிச்சமிருக்கா என்று கேட்டது. இரண்டாம் நிலையில் 455 பேர். ஒரு குழுவுக்கு ரத்த டெஸ்ட்டைப் பார்த்து முடிவு, இன்னொன்றுக்கு வழக்கப்படி டாக்டர் முடிவு. டெஸ்ட் குழுவில் கீமோ பெற்றவர்கள் 15 சதவீதம், மற்றதில் 28. இரண்டு வருடம் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் 93.5, 92.4. மருந்து ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது, நஷ்டம் தெரியவில்லை. இங்கே குலுக்கிப் பிரித்தது மருந்தை இல்லை, டெஸ்ட்டையே. ஈ5202 தவறவிட்ட புள்ளி இதுதான். குறையும் உண்டு: ரத்தத்தில் மிச்சமுள்ளவர்களுக்குக் கீமோ கொடுத்தால் நிஜமாகவே குணமாகிறதா என்பதை இந்த அமைப்பு தனியாகக் காட்டாது, டெஸ்ட்டில் மிச்சம் தெரிந்தவர்களில் கீமோ இல்லாமல் விடப்பட்ட குழு இல்லை.

கடைசியாக, இந்த வருடங்களில் நான் ஆர்வத்தோடு படித்த ஒன்று. ஸ்காண்டிநேவிய நாடுகளில் நடந்த அலஸ்கா ட்ரையல், 2025ல் வெளியானது. 3500க்கும் மேற்பட்டவர்களின் கட்டியை ஆராய்ந்து, பிஐகே3சிஏ மரபணுவிலும் அதே வழியிலுள்ள இன்னும் சில மரபணுக்களிலும் பிறழ்வு உள்ளவர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆய்ந்தவர்களில் 37 சதவீதம் பேருக்கு அது இருந்தது. அவர்களில் 626 பேரைக் குலுக்கி, பாதிப்பேருக்கு மூன்று வருடம் தினமும் 160 மில்லிகிராம் ஆஸ்பிரின், பாதிப்பேருக்குப் போலி மாத்திரை. பிஐகே3சிஏயின் குறிப்பிட்ட இடங்களில் பிறழ்வு உள்ளவர்களில் மூன்று வருடத்தில் நோய் திரும்பியது ஆஸ்பிரினில் 7.7 சதவீதம், போலி மாத்திரையில் 14.1. எந்த மருந்துக்கடையிலும் கிடைக்கும் மாத்திரை, சில்லறைக் காசு. கோடிக்கணக்கில் கொட்டிய பல மூலக்கூறுகள் இதில் பாதிகூடச் செய்யவில்லை.

ஆனால் கூடைகளை எண்ணுங்கள். பிறழ்வு இல்லாதவர்களை இந்த ட்ரையலில் குலுக்கவே இல்லை. மாத்திரை பெற்றவர், பெறாதவர் என்று இரண்டு கூடைதான் இருக்கு. ஆகவே ஆஸ்பிரின் இந்தப் பிறழ்வு உள்ளவர்களுக்கு உதவுகிறது என்று தைரியமாகச் சொல்லலாம். இவர்களுக்கு மட்டும்தான் உதவுகிறது என்று சொல்ல இந்தக் கட்டுரை போதாது. சிங்கப்பூரை மையமாக வைத்து நடந்த ஆஸ்கோல்ட் ட்ரையல், மரபணு பார்க்காமல் எல்லாருக்கும் ஆஸ்பிரின் கொடுத்துப் பார்த்தது. மொத்தமாக எடுத்தால் தெளிவான பலன் தெரியவில்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் மரபணு பார்த்துக் கொடுப்பதுதான் சரி என்று படுகிறது. ஆஸ்கோல்டில் சேமித்த கட்டிகளில் இதே மரபணுக்களைப் பார்த்தால் மிச்ச இரண்டு கூடையும் நிரம்பும்.